வாஸ்கிதோ மூழ்கிய கதை

என் தங்கை தியுர்மா வாஸ்கிதோ என்ற ஜாவாக்காரரைக் கட்டிக்கொண்டு வந்தபோது எங்கள் ஊருக்கு வந்த கஷ்டம் ஒன்றே ஒன்றுதான். அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

தோபா ஏரிக்கரை படாக் ஜனங்கள் நாங்கள். புது ஆளைப் பார்த்தால் முதலில் குலத்தைக் கேட்போம். அவர் பாட்டன் யார், நம் பாட்டன் யார், எந்தக் குலம் எந்தக் குலத்துக்குப் பெண் கொடுத்தது என்று பேசிப் பேசி, காபி ஆறுவதற்குள் அவர் மாமாவா மச்சானா என்று முடிவாகிவிடும். வாஸ்கிதோவுக்குக் குலமே கிடையாது. ஜாவாவில் அந்த வழக்கம் இல்லை. கல்யாணமும் அவர் ஊரிலேயே நடந்துவிட்டதால், வெளியூர் மாப்பிள்ளைக்குக் குலம் கொடுக்கும் சடங்கை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டோம். அது தள்ளிக்கொண்டே போனது.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அதனால் ஊரார் அவரை "கண்ணாடி" என்றார்கள். கள்ளுக்கடைக்கு அவர் வந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் மரியாதையாக நகர்ந்து இடம் விடுவார்கள். அதுதான் அவரைச் சுட்டது. எங்களுக்குள் யாரும் யாருக்கும் இடம் விட்டதில்லை. இடித்துக்கொண்டுதான் உட்காருவோம்.

ஒருநாள் என்னிடம் வந்து, "மச்சான், எனக்குச் சண்டை போடக் கத்துக்குடுங்க" என்றார். அவர் பேசினால் பக்கத்து அறையில் யாரோ புத்தகம் புரட்டுவது போல இருக்கும்.

"யாரு கூடச் சண்டை?"

"சண்டை இல்ல மச்சான். நீங்கள்லாம் ஒருத்தரை ஒருத்தர் நலம் விசாரிச்சுக்குறீங்கள்ல, அதைத்தான் சொல்றேன்."

தன் குரல் எழும்பாததால்தான் ஊர் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். சரி என்று கொல்லைப்புறத்தில் நிறுத்தி, "அடேய், உயிரோடதான் இருக்கியா?" என்று கத்தச் சொன்னேன். கண்ணை மூடி, மூச்சை இழுத்துக் கத்தினார். உள்ளேயிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "பூனைக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"நீங்க ஏரிக்குப் போயிருங்க மாப்பிள்ளை. படகை எடுத்துக்கிட்டு நடுவுல போய், கையை நல்லா வீசிக் கத்துங்க. யாரும் கேக்க மாட்டாங்க" என்றேன்.

போனார். நானும் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படகில் எழுந்து நின்று, சொன்னபடியே இரண்டு கையையும் வீசிக் கத்தினார். மனிதர் நன்றாகவே தேறியிருந்தார். காற்று கொண்டு வந்தது "அடேய்" என்பதை மட்டும்.

அந்தப் பக்கம் வலை அலசிக்கொண்டிருந்த பின்சாருக்கும் அது கேட்டது. பின்சாருக்கு அறுபது வயதிருக்கும். யாரையாவது காப்பாற்ற வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் காத்திருந்தவர். "கண்ணாடி மூழ்குறான்" என்று ஊருக்கே கேட்கும்படி அலறிவிட்டுத் துடுப்புப் போட்டார். "இல்லீங்க, நின்னுக்கிட்டுத்தான் இருக்காரு" என்று நான் கத்தியது எடுபடவில்லை. கிட்டே போனதும் பின்சார் தன் படகிலிருந்து வாஸ்கிதோவின் படகுக்குத் தாவினார். படகு கவிழ்ந்தது. அதன் பிறகு வாஸ்கிதோ முறையாகவே மூழ்கினார்.

அவரைக் கரைக்குக் கொண்டுவந்தபோது பாதி ஊர் நனைந்திருந்தது. பாதிரியார்கூட முழங்கால் தண்ணீரில் நின்றார். "மூழ்கிட்டியாப்பா?" என்று எல்லோரும் கேட்டார்கள். அவ்வளவு ஈரமான மனிதர்களிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"ஆமாங்க. எல்லாருக்கும் சிரமம் குடுத்துட்டேன்" என்றார்.

எங்கள் வழக்கப்படி, தண்ணீரில் பயந்தவனின் உயிர் திடுக்கிட்டு வெளியே போயிருக்கும்; தலையில் அரிசி தூவித் திரும்ப அழைக்க வேண்டும். என் பெரிய அத்தை அதற்குள் கெண்டை மீனை முழுசாக மசாலாவில் வேகவைக்க ஆள் அனுப்பிவிட்டாள். சாயங்காலம் எங்கள் வீட்டில் பாய் விரித்து, கூட்டம் கூடி, மீனும் வந்தது. அங்கே சிக்கல். குலமே இல்லாதவனுக்கு எந்த முறையில் நின்று அரிசி தூவுவது? மீனை யார் நீட்டுவது, யார் பின்னால் நின்று வாங்குவது?

"இவன் பக்கத்து ஆளுங்க எங்க?" என்றார் ஒருவர்.

"ஜாவாவுல, மாகெலாங்ல இருக்காங்க" என்றாள் தியுர்மா.

"வர எவ்வளவு நேரமாகும்?"

"மீனு ஆறிப்போயிரும்."

கூச்சல் கிளம்பியது. கடைசியில் பெரிய அத்தையின் புருஷன் மாரிஹொத் மாமா தொண்டையைச் செருமினார். அவர் தம்புபோலோன் குலம். "எனக்கு மூணு பசங்க. ஒருத்தனும் சொன்ன பேச்சு கேக்குறதில்ல. இவன் கேப்பான் போலத் தெரியுது. நான் மகனா எடுத்துக்குறேன். பெரிய சடங்கு பின்னாடி வெச்சுக்குவோம்" என்றார்.

அத்தை மகன் என்றால் தியுர்மாவுக்கு முறைமாப்பிள்ளை. கல்யாணமாகி இத்தனை நாளுக்குப் பிறகு முறை சரியாகிவிட்டதில் அம்மாவுக்குக் கண் கலங்கியது.

வாஸ்கிதோவுக்குத்தான் உறுத்தியது. எழுந்து நின்று ஏதோ சொன்னார். யார் காதிலும் விழவில்லை. மறுபடி சொன்னார். பிறகு இரண்டு கையையும் வீசி ஒரே கத்தாகக் கத்தினார்: "நான் மூழ்கவே இல்ல. கத்திப் பழகிக்கிட்டு இருந்தேன்."

கூச்சல் போட்டவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்சாரின் முகம் சுருங்கியது. "அப்ப நான் உன்னைக் காப்பாத்தலையா?"

"காப்பாத்துனீங்க. நீங்க வந்தப்புறந்தான் மூழ்கினேன்."

மாரிஹொத் மாமா கையை உயர்த்தினார். "மூழ்கினானா இல்லையா? மூழ்கினான். யாரால மூழ்கினாங்கிறது தனிப் பஞ்சாயத்து. அரிசியை எடு."

அத்தை ஒரு கைப்பிடி அரிசியை அவர் தலையில் தூவினாள். மீன் தலை அவருக்குத்தான் போனது. அவர் மெல்லுவதற்குள் ஊர் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. தம்புபோலோன் குலத்தில் மாரிஹொத் மாமா மிக மூத்த கிளை. பின்சார் அதே குலத்தில் கடைக்கோடிக் கிளை. ஆகவே வாஸ்கிதோ அவருக்குத் தாத்தா முறை.

"தாத்தாவா?" என்றார் பின்சார், தன் நரைத்த தலையைத் தடவிக்கொண்டே. சற்று யோசித்துவிட்டு, "சரி தாத்தா, தள்ளி உக்காரு" என்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்த வாரமே தம்புபோலோன் வீட்டில் ஒரு கல்யாணம். மகன் முறை ஆனவனுக்குப் பந்தியில் உட்கார நேரமேது? தண்ணீர் சுமந்து, இறைச்சி வெட்டி, தட்டுக் கழுவி, மத்தியானம் அடுப்படிப் பக்கம் நான் பார்த்தபோது முழங்கை வரை கரியோடு நின்றார். கண்ணாடியில் ஒரு கண் முழுக்க மஞ்சள் மசாலா.

"பாவம் மாப்பிள்ளை, ரொம்ப வேலை வாங்கிட்டாங்களா?"

அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். "மச்சான், சோத்தை அடிபிடிக்க விட்டுட்டேன். அத்தனை பேரு முன்னாடியும் என்னைத் திட்டுனாங்க" என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. "பேரு சொல்லி, குலத்தைச் சொல்லித் திட்டுனாங்க."