ஒன்பது வருடம் பிந்திய அரசன்

பட்டத்து இளவரசன் எதைச் சொன்னாலும், சொன்ன இடத்தில், ஒன்பது வருடம் கழித்துத்தான் அது கேட்கும். இது முதலில் யாருக்கும் தெரியாது. பிறந்த குழந்தை வாயைத் திறந்தும் சத்தம் வராததால், வைத்தியர் பதிவேட்டில் ஊமை என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். ஒன்பதாம் பிறந்தநாளன்று ஆளில்லாத பிரசவ அறையில் ஒரு பச்சைக் குழந்தை வீல் என்று கத்தியது. தாய்க்கு மட்டும் அது யார் குரல் என்று உடனே தெரிந்தது. அதற்குள் சிலேட்டில் எழுதிப் பேசப் பழகியிருந்த பையன், எல்லோருக்கும் முன்பாகவே கணக்குப் போட்டு விஷயத்தைப் புரிந்துகொண்டான்.

அவனுக்கு ஐந்து வயதில் தகப்பன் இறந்தபோது, சித்தப்பா பொறுப்பேற்றிருந்தார். கெட்டவர் இல்லை, எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்பார், பார்க்க மாட்டார், அவ்வளவுதான். பதினான்கு வயதில் அவனுக்குப் பட்டம் கட்ட வேண்டும். குமாஸ்தா யோசிக்காமல், தகப்பனின் உடலைச் சபையில் கிடத்தியிருந்த அதே தேதியைக் குறித்துக் கொடுத்துவிட்டார். இளவரசன் சபை நடுவில் நின்று உறுதிமொழியை ஒரு சொல் பிசகாமல் சொன்னான். சபைக்குக் கேட்டதோ ஐந்து வயதுக் குரல்: "அம்மா, ஒண்ணுக்கு வருதும்மா." அரசனின் உறுதிமொழியைச் சபை காதால் கேட்க வேண்டும் என்பது சட்டம், சிலேட்டு செல்லாது. கேட்கும்போது பார்க்கலாம் என்று சொல்லி, சித்தப்பா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

வேறொருவனாக இருந்தால் மூலையில் முடங்கியிருப்பான். இவனுக்கு நெஞ்சு பலவீனம், இருபதைத் தாண்ட மாட்டான் என்று வைத்தியர் வேறு சொல்லியிருந்தார். அந்த முறை அவர் சரியாகவே சொன்னார். ஆனாலும் இவன் விடவில்லை. ஒன்பது வருடம் கழித்து இந்த ஊருக்கு என்ன தேவைப்படும் என்று தெரு தெருவாகப் போய் விசாரித்தான். ஆற்றுப் பாலத்தடியில் கொத்தனாரிடம் சிலேட்டை நீட்டினான்: இரண்டாவது தூண் எத்தனை வருடம் தாங்கும்?

"ஒம்பது வருஷம் தாங்கும், தம்பி. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க," என்றார் கொத்தனார். "உங்க சித்தப்பாகிட்ட நாலு தடவ சொல்லிட்டேன். பாக்கலாம்னாரு."

மறுநாள் முதல் தினமும் காலையில், சபை கூடுமுன், காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று ஆணையிட்டான். பாலத்தை இன்றே மூடுங்கள், தூணை மாற்றுங்கள். மேற்குத் தெருச் சாக்கடையை அகலப்படுத்துங்கள். பெருக்க வந்தவர்கள் வாயசைவைப் பார்த்துச் சிரித்தார்கள். காய்ச்சல் வந்தாலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். நான்கு வருடத்தில் ஒரு நாள் தவறவில்லை. பதினெட்டாம் வயதில் படுத்தவன், கடைசி நாள் முழுவதும் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தான். தாய் உதட்டருகே காதை வைத்தும் ஒன்றும் கேட்கவில்லை. பாவம், அந்த ஒரு நாளை அவளால் தாங்கவே முடியவில்லை.

அவன் இறந்து ஐந்து வருடம் கழித்து, சபை நிறைந்திருந்த நேரத்தில், உடைந்தும் உடையாத ஒரு குரல் உறுதிமொழியைச் சொல்லி முடித்தது. சட்டப்படி அவன் அரசனாகிவிட்டான். சித்தப்பா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கி, ஓரமாக நின்றார். சில நாள் கழித்துக் காலையில் முதல் ஆணை கேட்டது, அன்றே பாலம் மூடப்பட்டது. மூன்றாவது வாரம் தூண் விழுந்தது, மேலே ஒரு நாய்கூட இல்லை. அதன்பின் குமாஸ்தா தினமும் காலையில் காகிதத்தோடு வந்து, வெற்று நாற்காலி சொல்வதை எழுதிக்கொண்டார். ஊர் அவ்வளவு ஒழுங்காக அதற்கு முன் நடந்ததில்லை.

அவன் இறந்து சரியாக ஒன்பது வருடமான அன்று எல்லோரும் அவன் படுத்திருந்த அறையில் கூடினார்கள். குரல் மெலிந்திருந்தது. சித்தப்பாவுக்குக் கால் வலிக்கும், சபை நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள் என்றது. பிறகு வெகுநேரம் மூச்சிரைப்பு.

"அம்மா, அழாத. எங்க போயிடப் போறேன்? இன்னும் ஒம்பது வருஷம் பேசிக்கிட்டுத்தான இருப்பேன்."

அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. குமாஸ்தா, இதையும் எழுதவா என்று தாயைப் பார்த்தார்.

"எழுதுங்க," என்றாள். "அரசரோட ஆணைதான?"

ஆணை என்றால் ஆணை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சித்தப்பா உட்காரச் சபைக்குப் போனார்.