வாசல் வரை போன சம்பளம்

மெத்தைக்காரருக்கு மகளின் படிப்பைப் பற்றி ஒரே ஒரு குறைதான்: அதில் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. சோபா என்றால் அவர் கடைக்கு வருகிறவர் உட்கார்ந்து, லேசாக எம்பிப் பார்த்துவிட்டு விலை கேட்பார். பி.ஏ. சைக்காலஜியில் எதை அமுக்கிப் பார்ப்பது?

படிப்பு முடிந்த கையோடு வங்கித் தவணை ஆரம்பித்துவிட்டது, மாதம் ஒன்பதாயிரம். வேலைதான் இன்னும் ஆரம்பிக்கவில்லை. கடைத்தெருவில் அவளுக்கு ‘அரை டாக்டர்’ என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த மாமா, அம்மாவின் தம்பி, டைல்ஸ் வியாபாரி. கை கழுவும் முன்பே கணக்கைத் தொடங்கினார்.

“சரக்கு உள்ள வந்தது நாலரை லட்சத்துக்கு. வட்டி தனி. வெளியில என்ன விலை போகுது, அரை டாக்டரே?”

“எம்.ஏ. முடிச்சாதான் மாமா கவுன்சலர் ஆக முடியும். பி.ஏ.வுக்கு உதவியாளர் வேலைதான்.”

“அதாவது, மரச்சட்டம் மட்டும் அடிச்சிருக்கு. ஸ்பாஞ்ச் வைக்க இன்னொரு லோன், துணி தைக்க அதுக்கு மேல ஒரு லோன். மச்சான், இதுக்குப் பேர் வியாபாரமா?”

“தேங்கின சரக்கு மேல யாருடா காசு போடுவான்?” என்றார் மெத்தைக்காரர். “கடைக்கு வந்து கல்லாவுல உக்காரட்டும். சோபா பாக்க வர்றவன் மனசைப் படிக்கட்டும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே கலர் பிடிக்க வெச்சா, அதுவே பெரிய வைத்தியம்.”

மகள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். “வெள்ளிக்கிழமை ஒரு இன்டர்வியூ இருக்குப்பா. மனநல ஆஸ்பத்திரி. ரெண்டு வருஷம் வேலை பாத்தா எம்.ஏ. ஃபீஸை அவங்களே கட்டுவாங்க. இது கிடைக்கலைன்னா கல்லாவுல உக்காந்துடறேன்.”

“நீங்களும் கூடப் போயிட்டு வாங்க” என்றாள் அம்மா. வினை அந்த இடத்தில்தான் பிடித்தது.

ஆஸ்பத்திரி அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. மேலாளர் ஒரு பெண்மணி. கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தியிருந்தார். கேள்விகள் நல்லபடியாகவே முடிந்தன. “சம்பளம் பதினஞ்சாயிரம். சம்மதமா?” என்றார்.

மகள் வாயைத் திறந்தாள். கதவும் திறந்தது. வெளியே காது கொடுத்துக்கொண்டிருந்த மெத்தைக்காரர் உள்ளே வந்துவிட்டார்.

கடைத்தெருவில் பிடித்த பொருளை முதலில் திட்ட வேண்டும். எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவு திட்ட வேண்டும். மெத்தைக்காரர் சுவரைத் தட்டினார், நாற்காலியை ஆட்டினார்.

“பெயிண்ட் உரியுது. ஃபேன் முனகுது. இந்த நாற்காலிக்கு ஒரு கால் கட்டை. இங்க வர்றவங்களுக்கு இருக்கிற தெளிவும் போயிடும். பதினஞ்சா? என் கடையில மெத்தை தூக்குறவன் பதினெட்டு வாங்குறான். இருபத்திரெண்டுன்னு சொல்லுங்க, முடிச்சுக்கலாம்.”

“சார், அது ஆஸ்பத்திரி போட்ட சம்பள விகிதம். நான்...”

“அப்ப வேணாம். வாம்மா.”

மகளின் கையைப் பிடித்து நடக்கத் தொடங்கியவர் காதோடு சொன்னார். “திரும்பிப் பாக்காதே. மெதுவா நட. வாசலைத் தாண்டுறதுக்குள்ள கூப்பிடுவாங்க.”

வாசல் தாண்டியது.

“லிஃப்டுகிட்ட கூப்பிடுவாங்க.”

லிஃப்ட் வந்தது, திறந்தது, மூடிக்கொண்டு போனது.

“படியில போவோம். ஓடி வந்து பிடிக்க அவங்களுக்கும் வசதி.”

கீழே தெருவுக்கு வந்ததும் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். சரியாக இருந்த வார். படிகளில் தடதடவென்று காலடிச் சத்தம். மெத்தைக்காரர் முகம் மலர்ந்தது. வந்தவர் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு டீ வாங்கப் போனார்.

“அப்பா, அங்க வரிசையா உக்காந்திருந்தாங்களே, பாத்தீங்களா? எல்லாரும் இந்த வேலைக்குத்தான்.”

அவர் பார்க்கவில்லை. அவர் பார்த்ததெல்லாம் நாற்காலிக் காலைத்தான்.

“நான் மேல போறேன்.”

“திரும்பிப் போனா விலையைக் குறைப்பாங்கடி! நானா இருந்தாலும் குறைப்பேன்.”

“குறைக்கட்டும்.”

மேலாளர் நிமிராமலே சொன்னார். “இன்னொரு பொண்ணு பன்னெண்டாயிரத்துக்கே வர்றேன்னு சொல்லுச்சு.”

மகள் கட்டைக்கால் நாற்காலியில் உட்கார்ந்தாள். பேசவில்லை. எதிரில் இருப்பவர் மௌனமானால் அதை நாம் நிரப்பக் கூடாது என்பது கல்லூரியில் செய்முறைப் பாடம். வாய் மூடினால் வியாபாரம் போச்சு என்று வளர்ந்த பிள்ளைக்கு அது லேசில் வரவில்லை. ஒரு தடவை ஃபெயிலாகித்தான் தேறினாள்.

மேலாளர் காகிதங்களை அடுக்கினார். கலைத்து மறுபடியும் அடுக்கினார்.

“உங்க அப்பா எப்பவுமே இப்படித்தானா?”

“எப்பவும்.”

“என் பையன் என்கூட பேசியே ஆறு மாசமாச்சு. ஒரே வீடு. சாப்பாடு வேணுமான்னு கேட்டாக்கூட தலையாட்டல்தான்.”

“அப்புறம்?” என்றாள் மகள்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். இரண்டு தடவை தொலைபேசி அடித்தது, எடுக்கவில்லை. ஒருவழியாக மூக்கைத் துடைத்து, கண்ணாடியை மாட்டினார். குரலில் பழைய மேலாளர் திரும்பி வந்தார்.

“பதினஞ்சுதான். ஒரு பைசா ஏறாது. திங்கக்கிழமை வந்துடு. அப்பா வேணாம்.”

கீழே மெத்தைக்காரர் எதிர்க்கடை நிழலில் நின்றிருந்தார்.

“எவ்வளவுக்கு முடிஞ்சுது?”

“பதினஞ்சு.”

“குறைக்கலையா?” அவருக்கு மேலாளரின் தொழில்திறமை மீதே சந்தேகம் வந்துவிட்டது. பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தபடி கணக்குப் போட்டார். “தவணை போக ஆறு. பஸ்ஸு, மதிய சாப்பாடு போக மூணு. சரி, இவ்வளவு நேரம் உள்ள என்ன பண்ணினே?”

“அவங்க பேசினாங்க, நான் கேட்டேன். என்ன பேசினாங்கன்னு சொல்லக் கூடாது.”

“சும்மா கேட்டுக்கிட்டு இருந்தியா? அதுக்கெல்லாம் வெளியில காசு உண்டா?”

“எம்.ஏ. முடிச்ச கவுன்சலருக்கு மணிக்கு ரெண்டாயிரம்.”

மெத்தைக்காரர் நடப்பதை நிறுத்தினார். உதடுகள் அசைந்தன. ஒரு நாளைக்கு ஆறு பேர், மாதம் இருபத்தைந்து நாள். உட்கார வைக்க ஒரு சோபா. அது கடையிலேயே இருக்கிறது.

“இன்னிக்குக் கேட்டதுக்கு பில் போட்டியா?”

“இல்லப்பா.”

“அடிப்பாவி, நல்ல சரக்கை சும்மா தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கியே!” அவர் அண்ணாந்து மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்தார். “இப்ப மேல போய்க் கேட்டா பாதியாவது குடுப்பாங்களா?”

மகள் அவருடைய சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பேருந்து வரும்வரை விடவில்லை.