விரலில் அணைந்த வெளிச்சம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மின்மினி என்று பட்டப்பெயர். எலுமிச்சைச் சாற்றைக் கருக்கி அவள் எடுக்கும் கார்பன் நுண்துகள்கள் வெறும் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் கலந்து புறஊதா விளக்கின் கீழ் வைத்தால் நீலமாக ஒளிரும். அதில் துளி ஈயம் கலந்திருந்தாலும் ஒளி அணைந்துவிடும். ஊரார் கிணற்றையெல்லாம் சோதித்தவளுக்குத் தன் வீட்டுக் குழாய் இப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டு விஷயம் என்றால் படித்த புத்தியும் மழுங்கித்தான் போகிறது.

ஞாபகப்படுத்தியவன் மூன்று வயது மகன். சில வாரங்களாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். சோறு இறங்குவதில்லை. பேசிய வார்த்தைகளைக்கூட ஒவ்வொன்றாக விட்டுவிட்டான். ஈயம் உடம்பில் ஏறினாலும் இப்படித்தான் ஆகும்.

"செல்லம் குடுத்துக் கெடுத்துட்டே" என்றாள் மாமியார், வழக்கம்போல.

கணவனின் பழைய வேலைப் பையில் போட்டுக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை மதியம் ஆய்வுக்கூடத்தில் எடுத்தாள். வீட்டுத் தண்ணீர்தானே என்று கையுறை போடவில்லை. ஒரு கண்ணாடிக் குழாயில் வீட்டுத் தண்ணீர், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றில் காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீர். இரண்டிலும் துகள்களைக் கலந்து, மூடி தேடச் சோம்பல்பட்டு, கட்டைவிரலால் வாயை அடைத்து இரண்டையும் குலுக்கினாள்.

விளக்கின் கீழ் இரண்டுமே இருண்டு கிடந்தன.

"சுத்தத் தண்ணியுமா? உன் மின்மினித் துகளுக்கு வயசாயிடுச்சுடி" என்று சிரித்தாள் தோழி.

கையுறை போட்டு, மூடி போட்டு, மறுபடி செய்தாள். இரண்டும் பளிச்சென்று ஒளிர்ந்தன.

"நல்ல தண்ணிடி!" துள்ளியே விட்டாள். பெற்ற வயிறு குளிர்ந்தது.

"அப்போ முதல்ல ஏன் அணைஞ்சுது?"

அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு பையைப் பார்த்தாள். ஈரப் பஞ்சால் பையைத் துடைத்து, பஞ்சை ஒளிரும் குழாயில் பிழிந்தாள். வெளிச்சம் பொசுக்கென்று போனது.

கணவனுக்குப் பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் பட்டறையில் வேலை. ஈயத்தைத் தண்ணீரிலேயே தேடிப் பழகியவள், அது பையிலும் சட்டையிலும் ஏறி வாசல் வழியாகவே வரும் என்று யோசிக்கவே இல்லை. வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அத்தை, அவர் எங்க?"

"மெதுவாப் பேசு. பிள்ளைக்கு முடியலேன்னதுல இருந்து சாப்பாட்டு நேரத்துக்கு ஓடி வந்துடறான். வந்ததும் வேலைச் சட்டையோடயே நெஞ்சுல போட்டுக்கறான். அங்க மட்டும்தான் குழந்தை அழாம தூங்குது."