துரைக்கண்ணுவின் ஈரல்

என் நோயாளிகள் யாரும் ஆஸ்பத்திரியில் சாகமாட்டார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. இனி தேறாது என்று தெரிந்ததுமே உறவுக்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வெளியூரில் உயிர் போனால் அந்த உடம்பை வீட்டுக்குள் விடமாட்டார்கள். ஊருக்கு வெளியிலேயே கீற்றுப் பந்தல் போட்டுக் கிடத்தி, அப்படியே சுடுகாட்டுக்குக் கொண்டுபோவார்கள். அதனால் கடைசி மூச்சு சொந்த வீட்டில்தான் போயாக வேண்டும்.

எனக்கோ ஒரே ஒரு ஈரல் வேண்டும்.

அறுபத்தொன்றாம் வருஷம் அது. வயிறு, குடல், ஈரல் நோய்களை ஆராய்வதற்கென்று நான் விழுப்புரத்துக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சுற்றுப்பட்டு ஊர்களில் ஈரல் கல்லாக இறுகி, வயிறு வீங்கி, நடுவயது ஆண்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். புற்று அந்த ஈரலிலேயே பிறக்கிறது என்பது என் கட்சி. இரைப்பையில் பிறந்து ஈரலுக்குப் பரவுகிறது என்பது சென்னையில் இருந்த என் தலைவரின் கட்சி. "அறுத்துப் பார்த்தீங்களாம்மா ஜெயம்? பார்க்கலை. அப்புறம் என்ன ஆராய்ச்சி, பல்லாங்குழி ஆடறீங்களா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார் அந்த மகானுபாவர். பங்குனிக்குள் ஓர் ஈரலாவது வராவிட்டால் ஆராய்ச்சியை இழுத்து மூடுவதாகவும் சொன்னார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

பங்குனி பிறந்தபோது என் வார்டில் துரைக்கண்ணு கிடந்தார். ஒலக்கூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிறவர். அவருக்கு இனி ஓரிரு நாள்தான் என்று தெரிந்ததும் அவர் மனைவி கெங்கம்மாள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள். வழியில் வலி வந்தால் ஊசி போட நானும் வருகிறேன் என்றேன். அது நிஜம்தான். ஊசி இருந்த பையிலேயே கத்தியும், ஈரல் கெடாமல் இருக்க ஃபார்மலின் ஊற்றிய ஜாடியும் இருந்ததும் நிஜம்தான். வீட்டில் உயிர் அடங்கிய பிறகு அவளிடம் எப்படியாவது கேட்டு வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

சென்னைக்குப் போகும் பாசஞ்சரில் மூன்றாம் வகுப்பு. துரைக்கண்ணு கெங்கம்மாளின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். அவள் தம்பி கண்ணையன் எனக்கு நேர் எதிரே, வலது விலாவுக்குக் கீழே ஒரு கையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முண்டியம்பாக்கத்தில் அவள் அவனிடம் கேப்பைக் கூழை நீட்டினாள். அவன் ஒரு வாய் வைத்துவிட்டு வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தான். இந்த நேரத்தில் இவனை வேறு தாஜா பண்ண வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.

விக்கிரவாண்டி தாண்டியதும் துரைக்கண்ணுவுக்கு மூச்சு இழுத்தது. பிறகு நின்றது.

நான் பார்த்தேன். கெங்கம்மாளும் பார்த்தாள். அவள் கையிலிருந்த விசிறி கொஞ்சம் நின்று, மறுபடி ஆட ஆரம்பித்தது.

"இன்னும் கொஞ்ச தூரம்தான் மாமா," என்றாள் அவர் காதருகே குனிந்து. "தோ, மயிலம் வந்துடும். முருகனுக்கு மொட்டை போடணும்னு சொல்லிக்கினு இருந்தியே. மலையப் பாத்துக்கினே போலாம்."

என் கை பைக்குப் போனது. ஊசிக்காக இல்லை, ஆசையில். செத்துப்போய்விட்டார் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிடுவார்கள், ரயில்வே போலீஸ் வரும், உடம்பு விழுப்புரத்துக்கே பிரேதப் பரிசோதனைக்குத் திரும்பும். நான் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. சட்டமே அறுத்துக் கொடுத்துவிடும்.

பேரணி ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். ஜன்னலோரம் இருந்த மல்லாட்டைத் தரகர் ஒருவர் அவருக்காகவே காத்திருந்தது போல எழுந்தார்.

"சார், அந்தாளு ரொம்ப நேரமா அசையவே இல்ல. எனக்கு டவுட்டா இருக்குது."

பரிசோதகர் துரைக்கண்ணுவை உற்றுப் பார்த்தார். "இன்னாம்மா, மூச்சு இருக்குதா?"

"தூங்குறாருங்க," என்றாள் கெங்கம்மாள்.

அவர் என் கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்தார். "நீங்க டாக்டரா? நீங்களே சொல்லுங்கம்மா. பொணத்த ஏத்திக்கினு போனது தெரிஞ்சா என் வேல பூடும். உங்களுக்கும் பேஜாருதான்."

கெங்கம்மாள் என்னைக் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றே நினைக்கிறேன். என் முகத்தைப் பார்த்தபடியே அவர் மார்பின் மேல் கிடந்த துண்டை விலக்கினாள். நான் குழாயை வைத்துக் கேட்பதற்கு இடம் விட்டாள், அவ்வளவுதான்.

குழாயை வைத்தேன். தண்டவாளச் சத்தம் மட்டும் கேட்டது.

"இருக்கு," என்றேன். "ஊசி போட்டிருக்கேன், அப்படித்தான் தூங்குவார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்."

சொன்ன பிறகு என் மேலேயே ஆத்திரம் வந்தது. யாரோ ஒருத்தி துண்டை விலக்கினாள் என்பதற்காக இத்தனை வருஷ வேலையைக் கைநழுவ விட்டேனே என்று பல்லைக் கடித்தேன்.

பரிசோதகர் தள்ளி நின்றாரே தவிர, போகவில்லை. கதவோரம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாடி பிடிக்கிற மாதிரி துரைக்கண்ணுவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அது மெல்லக் குளிர்ந்துகொண்டிருந்தது. மயிலத்தில் வண்டி நின்றபோது அவர் தாடை தொங்கியது. கெங்கம்மாள் துண்டை எடுத்து மோவாய்க்கட்டையைச் சேர்த்துத் தலையோடு கட்டினாள்.

"இந்த வெயில்ல எதுக்கும்மா கட்டற?" என்றார் பரிசோதகர்.

அவள் கை அப்படியே நின்றது. கண்ணையன் என்னைப் பார்த்தான்.

"ஜுரத்துல குளுருது," என்றேன். "உங்க வீட்ல யாருக்கும் ஜுரமே வந்ததில்லையா?"

அவர் முகம் சுருங்கிப்போய் வெளியே பார்க்க ஆரம்பித்தார். திண்டிவனம் வரும்வரை நான் அந்த மணிக்கட்டை விடவில்லை. விரல்கள் மரத்துப்போயின.

திண்டிவனத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஒலக்கூர்ப் பாதையில் போனோம். ஊர் எல்லை வந்ததும் கெங்கம்மாள் அவரோடு இன்னும் சத்தமாகப் பேசினாள். வீட்டுக்குள் பாய் விரித்துக் கிடத்தி, உதட்டில் பாலை விட்டாள். பால் வழிந்தது. அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப சொல்லுங்க டாக்டரம்மா."

"போயிட்டாரு," என்றேன்.

அவள் போட்ட கூச்சலில் தெருவே திரண்டு வந்துவிட்டது. ரயிலில் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் பையை மட்டும் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்று, எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கெங்கம்மாளே என்னைத் தேடி வந்தாள். பின்னால் கண்ணையன்.

"இந்தப் பையில கத்தி இருக்குதுன்னு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி ஆயா சொல்லிட்டா," என்றாள்.

என் காது சூடானது. "தெரிஞ்சும் ஏன் என்னைக் கூட்டிக்கிட்டு வந்தே?"

"ஊசியும் அதே பையிலதான இருந்திச்சி." மூக்கைச் சிந்திப் போட்டாள். "ரயில்ல ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்களுக்கு வேணுங்கறது கெடச்சிருக்கும். சொல்லல. அத நான் மறக்க மாட்டேன். அதுக்காக அவர அறுக்க உட மாட்டேங்க. ஆனா இவனப் பாருங்க."

தம்பியைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "சோறு எறங்கல. விலாவுல கைய வெச்சிக்கினே படுக்கறான். கேட்டா ஒண்ணும் இல்லன்றான். அவருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிது."

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை என் எதிரிலேயே உட்கார்ந்து வந்தவன். விலாவில் கை வைத்திருந்ததையும் பார்த்தேன், கூழை மறுத்ததையும் பார்த்தேன். செத்தவரின் ஈரலை நினைத்துக்கொண்டு வந்த எனக்கு அது உறைக்கவே இல்லை.

கயிற்றுக் கட்டிலில் அவனைப் படுக்க வைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்லி, வலது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தினேன். ஈரலின் விளிம்பு கையில் தட்டியது. மேடும் பள்ளமுமாக இறுகிப்போயிருந்தது.

"ஒண்ணும் இல்லியே டாக்டரம்மா?" என்று கண்ணையன் சிரிக்கப் பார்த்தான்.

கெங்கம்மாள் அவன் தலைமாட்டில் நின்று, துண்டை விலக்கியபோது பார்த்த அதே பார்வையை என்மேல் வைத்திருந்தாள். பிணத்துக்கு மூச்சு இருக்கிறது என்று கண்ணிமைக்காமல் சொன்னவள் நான். இவனிடம் ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"காரியம் முடிஞ்சதும் என்கூட விழுப்புரத்துக்கு வா," என்றேன்.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. கெங்கம்மாள்தான் கேட்டாள். "எது ஆனாலும் உசுரோட வூட்டுக்கு வந்துடுவான் இல்லீங்களா?"

என் கை இன்னும் அவன் வயிற்றின் மேலேயே இருந்தது.

"நானே கொண்டு வந்து சேர்க்கிறேன்," என்றேன்.