கையெழுத்துப் போட்ட கட்டுரை

தமிழாசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கடிகாரம். பாடம் நடத்தும்போது அவர் கண் சுவர்க்கடிகாரத்தை விட்டு நகராது. இருபத்திரண்டு வருட உத்தியோகம், கடனே என்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் கட்டுரை நோட்டு திருத்துவது இருக்கிறதே, அது தனிக் கூத்து. நாற்பது நோட்டையும் விரித்தபடியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொல்வார். கடைசி வரிக்குக் கீழே ஒரு சரி, ஒரு கையெழுத்து, தேதி. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். படிப்பதா? அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை இருக்கிறது!

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆசிரியர் அறைக்கு ஓர் அம்மா வந்தார். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் தாய். கையில் மகளின் கட்டுரை நோட்டு.

"ஞாயித்துக்கிழமை உங்களுக்காகக் காத்திருந்தோம் சார். உடம்பு சரியில்லையோ?"

"எனக்காகவா? எதுக்கும்மா?"

அந்த அம்மா நோட்டைப் பிரித்து மேஜையில் வைத்தார். "படிச்சுட்டுத்தானே சார் கையெழுத்துப் போட்டீங்க?"

'நான் தினமும் பார்க்கும் மனிதர்' என்று போன வாரம் ஏனோதானோவென்று கொடுத்த தலைப்பு அது. முதல் தடவையாக அவர் படித்தார்.

"எங்கள் ஐயாவின் சட்டையில் சாக்பீஸ் தூள் படவே படாது. பலகையில் தலைப்பை மட்டும் எழுதிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார். வகுப்பே சிரித்தாலும் அவர் முதுகு திரும்பாது. வருகைப் பதிவின்போது எண்ணைத்தான் கூப்பிடுவார், தலை நிமிராது. ஒருநாள் நானே மூன்று பேருக்கு மூன்று குரலில் 'உள்ளேன் ஐயா' சொன்னேன். மூன்றும் ஏறிவிட்டது."

அவருக்குக் காது சூடேறியது. என்ன திமிர் இந்தப் பெண்ணுக்கு என்று நினைத்துக்கொண்டேதான் அடுத்த பத்திக்குப் போனார்.

"நேரில் கேட்டால் 'அப்புறம் பார்க்கலாம்' என்பார். அதனால் இங்கே எழுதுகிறேன். ஐயா, அப்பா என் படிப்பை நிறுத்தித் தையல் கம்பெனிக்கு அனுப்பப் போகிறார். திங்கட்கிழமை சேர வேண்டும். வாத்தியாரே வீடு தேடி வந்து சொன்னால் அப்பா கேட்பார். ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பார். வருவீர்களா?"

அதற்குக் கீழே சிவப்பு மையில் சரி. கையெழுத்து. தேதி.

"அந்தக் கையெழுத்தைக் காட்டிக் காட்டிக் குதிச்சா சார். 'படிச்சுட்டாரும்மா, கண்டிப்பா வருவாரு'ன்னா. வாசல்ல நாற்காலி போட்டு, மத்தியானம் வரைக்கும் அங்கேயே நின்னா. 'எங்கே உன் வாத்தியாரு'ன்னு அவங்கப்பா நக்கல் பண்ணினாரு. நேத்து கம்பெனிக்குப் போயிட்டா."

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. படிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தவர், நோட்டை மூடி வைத்தார்.

"சாயங்காலம் நானே கம்பெனி வாசலுக்கு வரேம்மா. முதல்ல பொண்ணுகிட்ட பேசறேன், அப்புறம் அவங்கப்பாகிட்ட."

"அவ மனசு விட்டுட்டா சார். என் பேச்சு எடுபடல. நீங்க சொன்னா ஒருவேளை கேப்பா. நானும் வேலை முடிச்சுட்டு அங்க வந்துடறேன்."

ஐந்தரைக்குக் கம்பெனி வாசலில் நின்றார். தப்பு என்னுடையது, நாளைக்கே பள்ளிக்கு வந்துவிடு, அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். வேலை விட்டது. ஒரே மாதிரி நீலக் கோட்டில் பெண்கள் கும்பல் கும்பலாக வந்தார்கள். ஒவ்வொரு முகமாகத் தேடினார். எல்லாமே அவருக்குப் புது முகங்கள்.

ஒரு பெண் அவரைக் கண்டதும் நின்றுவிட்டாள். முகம் மலர, இரண்டு எட்டு முன்னால் வந்தாள்.

"ஏம்மா," என்றார் அவர் அவசரமாக, "எங்க ஸ்கூல்லேர்ந்து நேத்து புதுசா சேர்ந்த பொண்ணு எங்கே இருக்குன்னு தெரியுமா?"

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவ போயிட்டா சார்," என்றாள் மெதுவாக. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு நடந்துவிட்டாள்.

அவர் மறுபடியும் முகங்களைத் தேட ஆரம்பித்தார். தெருமுனையிலிருந்து அந்த அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"என்ன சார் சொன்னா? ஒத்துக்கிட்டாளா?"

"யாரும்மா?"

"எம்பொண்ணுதான் சார். இப்ப உங்க எதிர்ல நின்னு பேசிட்டுப் போறாளே."