பிடித்து வைத்த நடுக்கம்

அலுவிகாரையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த நுஹ்மான், மாணிக்கவாசகம் என்ற மனிதரைத் தன் வலது கைச் சுட்டுவிரலால் ஒரு போகம் முழுவதும் இலங்கையை விட்டுப் போகாமல் நிறுத்தி வைத்திருந்தார். செத்தல் மிளகாய்க்குத் தட்டுப்பாடு வந்த வருஷம் அது. மிளகாயைப் பற்றி ஊரில் இன்னும் பேசுகிறார்கள். விரலைப் பற்றிப் பேச்சு அவ்வளவாக இல்லை.

விஷயம் தொடங்கியது அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால். எங்கோ ஒரு தேசத்தில் பூமி அதிர்ந்து ஊர்கள் சரிந்ததாக ரேடியோவில் செய்தி வந்தது. தன் காலுக்குக் கீழே இருக்கிற பூமி அதே பூமிதானே, தனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டதே என்று நுஹ்மானுக்கு ரோஷம் வந்தது. பூமியதிர்ச்சியை எழுதும் இயந்திரம் ஒன்றைத் தானே செய்துவிடுவதென்று முடிவெடுத்தார். மனைவி மஸூதா தலையில் அடித்துக்கொண்டார். கைகொடுத்தவர் மாணிக்கவாசகம். யட்டவத்தப் பக்கத்துக் கொக்கோத் தோட்டத்தில் இயந்திரம் பூட்டும் பிட்டர் வேலை பார்த்தவர்; துரையின் ரேடியோவைத் திருத்தக் கொண்டுவந்து, ரேடியோ சரியான பிறகும் ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்தார். இருவரும் பின்னறைத் தரையைத் தோண்டி, பாறை தட்டும்வரை போய், சீமெந்துத் தூண் எழுப்பினார்கள். அதில் கேற்றுக் கதவின் பிணைச்சல் ஒன்றைப் பூட்டி, நீட்டுக் கம்பி வைத்து, கம்பியின் நுனியில் ஈயக் கட்டியும் ஊசியும் மாட்டினார்கள். பூமி அசைந்தாலும் ஈயம் அசையாது நிற்கும். மணிக்கூட்டுச் சக்கரத்தால் மெல்லச் சுற்றும் பால்மாத் தகரத்தில், புகைபிடித்த கடதாசியின் மேல் ஊசி அந்த அசைவைக் கீறும். ஒரு பிழை மட்டும் நடந்தது. ஈயக் கட்டி தொழும் திசையான கிப்லாவுக்கு முதுகு காட்டக் கூடாதென்று நுஹ்மான் கம்பியை மேற்கே பார்க்க வைத்தார். கதவுப் பலகை எந்தப் பக்கம் நீண்டு நிற்கிறதோ அந்தப் பக்கம் ஆடாது, குறுக்கேதான் ஆடும். ஆகவே அந்த ஊசிக்கு வடக்கும் தெற்கும் மட்டுமே தெரிந்தன.

ஊசி முதலாவதாக ஆடியபோது இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆனால் உலகத்தில் எங்கும் பூமி அதிர்ந்ததாகச் செய்தி வரவில்லை. அந்த வாரம் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: தோட்டத்து இராமசாமியின் குடும்பம் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. இரண்டு அரசாங்கங்கள் தோட்டத்துச் சனங்களைப் பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது. அதற்குப் பிறகு ஒவ்வொரு குடும்பம் ரயில் கோச்சி ஏறி, கப்பலுக்காக வடக்கே தலைமன்னாருக்குப் போவதற்கு முன்பும் ஊசி ஆடியது. மேற்கே கொழும்புக்குப் போனவர்களுக்கு அது அசையவே இல்லை. ஆளின் நடை எப்படியோ கோடும் அப்படி. கடைக்கு வந்து போகிறவர்களின் நடையெல்லாம் நுஹ்மானுக்கு அத்துப்படி. தோட்டத்தில் "அவருக்கு ஆடிருச்சாம்" என்றால் பெட்டி கட்டுகிறார் என்று அர்த்தமாகிவிட்டது. பூமியைக் கேட்க ஆசைப்பட்டவர் ஊரின் கெட்ட செய்திக்காரனாகிப் போனார். அது அவருக்குப் பிடிக்கவேயில்லை.

மாணிக்கவாசகத்தின் மனைவி பாப்பம்மாவும் மகளும் முதலில் போனார்கள். பத்திரம் எழுதும் கந்தோரில் யாரோ அவர் பெயரை வெறும் மாணிக்கம் என்று எழுதிவிட்டதால் அவர் பின்னால் போக வேண்டியதாயிற்று. நுஹ்மான் கோச்சி நிலையம்வரை போய் அழுதார். திரும்பி வரும்போது, சொல்ல வெட்கம், உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். பிறகு ஒரு காலை ஊசி மாணிக்கவாசகத்தின் நடையை எழுதத் தொடங்கியது. நுஹ்மான் யோசிக்கவில்லை. சுட்டுவிரலைக் கம்பியின் மேல் வைத்து அழுத்தினார்.

மாணிக்கவாசகம் மாத்தளையில் கோச்சி ஏறினார். கோச்சி புறப்பட்டது. அவர் உட்கார்ந்திருந்த இருக்கையும் போனது. அவர் மட்டும் தகரப் பெட்டியோடு மேடையில் இருந்தார். நிலைய அதிபர் டிக்கட்டைத் திருப்பி வாங்க முடியாதென்று சொல்லிவிட்டார். தம்புள்ளை பஸ்ஸும் அவரை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போனது. நடந்து பார்த்தார்; ரோடு அவர் காலுக்குக் கீழே பின்னால் வழுக்கிக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் வழக்கம்போல் போனார்கள். அவர்களுடைய நடுக்கம் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். நுஹ்மான் விரலை எடுக்காமல் நின்றபடியே தூங்கினார், நின்றபடியே சைகையால் தொழுதார். மஸூதா சோறு ஊட்டினார். ஊட்டும்போதெல்லாம் ஒரே பேச்சுத்தான்.

"நீங்க செய்யிறது பாவங்க. அந்தப் புள்ள வாப்பா முகத்தைப் பார்க்க வேணாமா?"

"அவங்க திரும்பி வரட்டுமே" என்பார் நுஹ்மான். வர மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும்.

கடைசியில் மாணிக்கவாசகம் பெட்டியோடு கடைக்கே வந்தார். அதுவரை கடை பூட்டியிருப்பதாகவும் நுஹ்மானுக்குச் சுகமில்லை என்றும் மஸூதா சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மஸூதா வாசலை விட்டு விலகி நின்றார். மாணிக்கவாசகம் பின்னறைக்குள் போய், விரலைப் பார்த்தார். நகம் வளர்ந்து சுருண்டிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். மஸூதா கொடுத்த பிளேன்டீயில் பாதியைக் குடித்தார்.

"மக பெரிய மனுஷியாயிட்டா நுஹ்மான் நானா. தண்ணி ஊத்துறப்போ அப்பன் எங்கனு கேட்டாங்களாம். பாப்பம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியலையாம்."

நுஹ்மானின் தாடி நனைந்தது. "நீங்க போயிட்டா நான் யாரோட பேசுறது மாணிக்கண்ணே?"

"அதை வாய் தொறந்து சொல்லியிருக்கலாமே. ரெண்டு ஞாயித்துக்கெழம கூட இருந்துட்டுப் போயிருப்பேன். இப்படிப் புடிச்சு வச்சீங்களே."

"எடுத்துர்றேன். முதல்ல வாங்க, ஒரு தடவை கட்டிப்புடிச்சு ஸலாம் சொல்லிட்டு எடுத்துர்றேன்" என்றார் நுஹ்மான். மாணிக்கவாசகம் எழுந்தார். அவரைக் கட்டிக்கொள்ள நுஹ்மான் இரண்டு கைகளையும் நீட்டினார்.

இத்தனை மாதம் பிடித்து வைத்திருந்த நடுக்கமெல்லாம் ஒரே வீச்சில் வந்தது. ஊசி கடதாசியைக் கிழித்துக்கொண்டு போனது. வாங்கும் இருந்தது, பாதித் தேநீரும் இருந்தது, மாணிக்கவாசகம் இல்லை. அன்று பொழுது சாய்வதற்குள் அவர் கடலுக்கு அக்கரையில், மண்டபம் முகாமில், ஒற்றைச் செருப்போடு, மகளின் முன்னால் நின்றதாகப் பின்னால் தெரியவந்தது. நுஹ்மான் நீட்டிய கைகளை வெகுநேரம் மடக்கவில்லை. மஸூதாதான் வந்து மடக்கிவிட்டார்.

மறுநாள் பார்த்தால் வீடு ஒரு முழம் வடக்கே நகர்ந்திருந்தது. அடுத்த மழைக்காலத்தில் இன்னொரு சாண். அந்தப் பக்கத்து வீட்டு புஹாரி சண்டை போடாமல் வேலியைத் தள்ளிக் கட்டிக்கொண்டார். வடக்கே வளைந்து போகும் வீதியோரத் தண்ணீர்க் கானில் சுவர் இடிக்கிறதென்று ஓவர்சியர் வந்து அளந்து பார்த்துவிட்டு, இது இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டார்.

"அவர் போன தூரம் போகாது மாத்தயா" என்றார் நுஹ்மான்.

ஓவர்சியர் தலையாட்டிவிட்டு, எதற்கும் இருக்கட்டுமென்று கானை இன்னும் இரண்டு முழம் தள்ளி வெட்டச் சொன்னார்.