வெண்டைத் தோட்டத்துக் கொடி

மருந்தடித்த நிலத்தில் இரண்டு நாள் யாரும் இறங்கக் கூடாது, வரப்பில் சிவப்புக் கொடி நட வேண்டும் என்பது காய் வாங்கும் கம்பெனியின் கட்டளை. முத்தின வெண்டைக்காயைக் கழித்துத் தள்ளுவதும் அதே கம்பெனிதான். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் வெண்டை முத்திவிடும். இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று ரேணுகாம்பாளுக்குப் புரிந்ததே இல்லை. மாகறலில் முருகேசன் நிலத்தில் காய் பறிப்பவள் அவள்.

இரண்டு நாளாக அவள் வேலைக்கு வராததால் எப்போது மருந்தடித்தார்கள் என்று தெரியாது. மருமகள் சிம்ரனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தாள். போன ஆடியில் ஒன்று கலைந்துபோய், இப்போது மறுபடி மூன்று மாதம். மருந்தடித்த செடிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக் கடையில் நாளெல்லாம் நிற்க முடியாமல்தான் சிம்ரன் காய் பறிக்க வந்தாள். கூலியை விட்டுவிட்டு வீட்டில் உட்காரவும் வழியில்லை.

இன்று வரப்பில் கொடி இல்லை.

"இறங்கலாமா அத்தை?"

ரேணுகாம்பாள் ஓர் இலையைக் கிள்ளி மோந்தாள். ஒன்றும் தெரியவில்லை. மருந்திலேயே ஊறின மூக்கு. அதற்குக் காப்பியும் மண்ணெண்ணெயும் ஒன்றுதான்.

"நீ மோந்து பாருமா."

"எனக்கு எல்லாமே நாறுது. காலையில நீ வெச்ச கொழம்பு கூட."

முருகேசன் பைக்கில் காலிப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். "இன்னாமா, கொலு பொம்மை மாதிரி நின்னுக்கினு இருக்கறீங்க? கம்பெனி வேன் வந்துடும்."

"கொடி எங்கணா?"

"காத்துல விழுந்திருக்கும்."

"மருந்து எப்ப அடிச்சீங்க?"

"அடிச்சாச்சு, காஞ்சாச்சு. கலெக்டரு மாதிரி கேக்கறியே!"

ரேணுகாம்பாள் தண்ணீர் குடிக்க மோட்டார் ஷெட்டுக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் கொடி சாய்ந்திருந்தது. அடியில் ஒட்டிய மண் இன்னும் ஈரம். காற்றில் விழுந்த கொடி ஷெட்டுக்குள் நடந்து வராது. ஆனால் இரண்டு நாள் முடிந்ததால் பிடுங்கினாரா, வேன் வருகிறது என்று பிடுங்கினாரா?

கொண்டுவந்து வரப்பில் மறுபடி நட்டாள்.

"இன்னா பண்றே நீ?"

"எப்ப அடிச்சீங்கன்னு சொல்லிட்டு நீங்களே புடுங்கிப் போடுங்க."

முருகேசன் கொடிக் கம்பைப் பிடித்தார். பிடுங்கவில்லை.

"முத்திப் போச்சுன்னா மொத்தத்தையும் திருப்பி அனுப்புவான். நான் மட்டும் இன்னாமா பண்றது?"

ரோட்டில் வேன் ஹாரன் அடித்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பெட்டியோடு தானே இறங்கி வெறுங்கையால் பறிக்க ஆரம்பித்தார்.

"அவரே எறங்கிட்டாரே. அப்ப ஒண்ணுமில்லையா அத்தை?"

"தெரியலமா. நீ ரோட்டாண்ட போய் நில்லு. போ."

சிம்ரன் போனாள். ரேணுகாம்பாள் பறிக்க இறங்கலாம் என்று கையில் துணியைச் சுற்றினாள். அவிழ்த்தாள். முருகேசன் குனிந்தபடி இருமினார். அது பீடி இருமலா, மருந்து இருமலா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே கொடிக்குப் பக்கத்தில் நின்றாள்.